பரவாயில்லைக் காக்காவும் தங்க டப்பியும்

விளம்பரம் சொல்லியே பிழைத்து, அதில் ஒரு பொய்கூடக் கலக்காத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கல்முனைக்குடியில் இருக்கிறார். வேறு நாட்டில் இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால், இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு கொத்துரொட்டிக்கு விளம்பரம் சொல்லச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பரவாயில்லைக் காக்கா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. பறவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் ஒரு பச்சை ஓட்டோ இருந்தது. அதன் கூரையில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒரு கையில் ஓட்டோவின் கைப்பிடி, மறு கையில் மைக். இந்தக் கோலத்தில் பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை கடைகளின் புகழைக் காற்றில் பரப்புவதுதான் அவர் தொழில். புகழைப் பரப்புவது என்று நான் சொல்கிறேன். கடைக்காரர்கள் அதை வேறு மாதிரிச் சொல்வார்கள்.

நான் அப்போது கல்முனை பஸாரில் ஒரு சின்ன விளம்பரக் கடையில் வேலை பார்த்தேன். பேனர் அடிப்போம், நோட்டீஸ் அடிப்போம், ஓட்டோவில் சொல்வதற்கு அறிவித்தல் எழுதிக் கொடுப்போம். எழுதுவது நான், வாசிப்பது காக்கா. ஏற்பாடு இதுதான். முதல் நாளே அது முறிந்தது.

புதிதாகத் திறந்த ஓர் ஐஸ்கிறீம் கடைக்கு நான் உருகி உருகி எழுதியிருந்தேன். காக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன, சொர்க்கத்தின் சுவை எண்டு எழுதியிரிக்கீங்க?"

"ஒரு அழகுக்குத்தான் காக்கா."

"சொர்க்கத்துல என்ன ருசி எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா."

"எனக்கும் தெரியா. ரெண்டு பேருக்கும் தெரியாத சாமான ஊருக்குச் சொல்லி என்ன செய்ற? வாங்க, போய்த் திண்டு பாப்பம்."

போனோம். வனிலா சாப்பிட்டு யோசித்தார். சொக்லேட் சாப்பிட்டு யோசித்தார். மாம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தார். கடை முதலாளி, ஓசியில் தின்ன ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். பிறகு காக்கா ஓட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். பஸாருக்குள்ள புதிசா ஒரு ஐஸ்கிறீம் கட துறந்திரிக்கி. நான் திண்டு பாத்தன். மாம்பழ ஐஸ்கிறீமுக்குள்ள மாம்பழம் இல்ல, வாசம் மட்டுந்தான் இரிக்கி. வனிலா நல்லாக் குளிருது. இந்த வெயிலுக்குப் பரவாயில்ல."

கடை முதலாளி எங்கள் கடைக்கு ஓடிவந்து, மேசையில் அடித்து, எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. வனிலா முடிந்துவிட்டது, கடை வாசலில் சனம் நிற்கிறது, என்ன செய்வது என்று கடையிலிருந்து கேட்டார்கள். அவர் மேசையில் அடித்த கையாலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் பஸாரில் இலங்கையிலேயே முதல் தரமான கடைகள் மட்டும்தான் உண்டு. இரண்டாம் தரக் கடையைத் தேடினாலும் கிடைக்காது. எல்லாப் பிரியாணியும் ஈடு இணையற்றது. எல்லா மலிவு விற்பனையும் வரலாறு காணாதது. வருசம் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதுகளில் ஒரு மனிதர் பரவாயில்லை என்று சொன்னது, உச்சி வெயிலில் நாலு துளி மழை விழுந்த மாதிரி இருந்திருக்கிறது.

அதன் பிறகு காக்காவைப் பிடிக்க முடியவில்லை. சாயம் போகாத சாரம் என்று நான் எழுதினால், அந்தச் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் குளித்துவிட்டு வந்துதான் வாய் திறப்பார். "முதல் கழுவல்ல ஒண்டும் ஆகல்ல. ரெண்டாங் கழுவல்ல லேசாச் சாயம் போகுது. வெள்ளச் சேட்டோட போட்டுக் கழுவாதீங்க. மத்தப்படி பரவாயில்ல." ரியூசன் வகுப்பு ஒன்றுக்கு அறிவித்தல் சொல்லக் கேட்டார்கள். காக்கா போய் இரசாயனவியல் பாடத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்து, முழு நேரமும் கைகட்டிக் கேட்டார். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆனா ஒரு புள்ளயும் தூங்கல்ல." அந்த மாதம் வகுப்பில் வாங்கு போதாமல் போனது.

சாரிகளுக்கு அவர் மனைவி சல்மா ராத்தாதான் பரிசோதகர். ராத்தா என்றால் அக்கா. ராத்தாவின் நாக்கு காக்காவின் நாக்கை விடக் கூர்மையானது. பெருநாளுக்கு வந்த ஒரு புது ரகச் சாரியை உடுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் காக்கா ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் ஊருக்கு அறிவித்தார். "என்ட ஊட்டுக்காரி உடுத்துப் பாத்தா. மினுக்கம் நல்லாரிக்கி. குசினிக்குள்ள போனா வேர்க்கும். கலியாண ஊட்டுக்கு உடுத்துப் போய், கதிரையில இரிக்கிற ஆக்களுக்குப் பரவாயில்ல." சமையலறைப் பக்கம் போக விரும்பாத பெண்கள் எல்லோரும் அந்தச் சாரியை வாங்கினார்கள். கல்முனையில் அவர்கள் தொகை குறைவு இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

மெல்ல மெல்ல அந்தச் சொல் ஊரைப் பிடித்துக்கொண்டது. மிக நன்றாக இருக்கிறது என்று சொல்வது அவமரியாதை போலவும், பரவாயில்லை என்பதுதான் உச்சப் பாராட்டு போலவும் ஆகிவிட்டது. சோதனையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையைப் பற்றி அதன் வாப்பா நெஞ்சு நிமிர்த்தி, "பரவாயில்ல" என்றார். கிரிக்கெட் மட்சில் சிக்ஸர் அடித்தால் மைதானம் முழுக்க ஒரே குரலில் "பரவாயில்ல" என்று இழுத்தது. சாய்ந்தமருதில் ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும்படி காக்காவிடமே வந்தார்கள். அவரும் போய் மாப்பிள்ளையோடு பிளேன்டீ குடித்து, கேரம் விளையாடிவிட்டு வந்து சொன்னார்: "பொடியன் பரவாயில்ல. தோக்கக்குள்ள கொஞ்சம் கோவம் வரும். பலகையத் தட்டிவிடல்ல." கலியாணம் நடந்தது.

சந்தோசப்பட வேண்டியவர், கவலைப்பட ஆரம்பித்தார். அவர் கண்ணால்கூடப் பார்த்திராத சாமான்களில் எல்லாம் அவர் படம் ஒட்டப்பட்டிருந்தது. மிக்ஸர் பக்கற்றில் காக்கா சிரித்தார். பினாயில் போத்தலில் காக்கா சிரித்தார். மருதமுனையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் காக்காவின் படத்தை ஆளுயரத்துக்கு அடித்துத் தொங்கவிட்டிருந்தார். காக்கா ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய்த் தன் முகத்தைத் தானே சுரண்டினார். அந்த வேலையில் சில நாட்கள் நானும் கூடப் போனேன்.

"பேரு ஒரு பெட்டியாப் போயிட்டு தம்பி," என்றார். "ஆளுக்காள் அதுக்குள்ள என்னத்தையாவது அடைச்சி விக்கிறானுகள். சனம் பெட்டியத்தான் பாக்குது. உள்ளுக்கு இரிக்கிறத யாரு பாக்கிற?"

இந்த நேரத்தில்தான் அந்த முகக் கிறீம் வந்தது. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். சட்டத்துக்குப் பயந்து அல்ல, காக்காவுக்குப் பயந்து. ஏசினாலும் பெயரைச் சொல்லி ஏசினால் அது விளம்பரம்தான் என்பது அவருடைய கொள்கை. தங்க நிற டப்பியில் வந்ததால் தங்க டப்பி என்றே வைத்துக்கொள்வோம். டப்பியின் மேல் ஒரு பெண்ணின் முகம், பாதி கறுப்பாகவும் பாதி டியூப் லைட் மாதிரியும் இருந்தது.

அதை விற்க வந்த முகவர் வெளியூர்க்காரர். சப்பாத்தில் முகம் பார்க்கலாம். எங்கள் கடையில் உட்கார்ந்து, நோன்புப் பெருநாளுக்கு முன் ஊரில் ஒரு பெண்கூட இந்த டப்பி இல்லாமல் இருக்கக்கூடாது என்றார். காக்காவின் குரல்தான் வேண்டும் என்றார். காக்கா வந்தார். டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன போட்டிரிக்கி எண்டு எழுதல்லயே."

"அது எங்கட கம்பனியின் ரகசியம் காக்கா."

"பேர் சொல்ல வெக்கப்படுற சாமான மூஞ்சில பூசச் சொல்றீங்களா?"

"ஏழு நாள்ல கறுப்புப் போயிரும் காக்கா. உத்தரவாதம்."

காக்கா தன் கையை நீட்டிப் பார்த்தார். நல்ல கறுப்புக் கை. "இந்தக் கறுப்போட நான் இவ்வளவு காலம் சீவிச்சிரிக்கன். ஒரு குறையும் காணல்ல. இல்லாத நோவுக்கு மருந்து விக்கிறீங்க," என்றார். முகவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

நோன்பு பிறந்த கையோடு எல்லோர் போனுக்கும் ஒரு குரல் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது, பேஸ்புக்கில் வந்தது, அக்கரைப்பற்றுப் பக்கம் வேறு ஓட்டோக்களின் ஸ்பீக்கரிலும் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும். தங்க டப்பி வந்திரிக்கி. நான் பூசிப் பாத்தன். பரவாயில்ல." அச்சு அசல் காக்காவின் குரல். ஊரே அவருடைய அறிவித்தல்களைப் போனில் பதிந்து வைத்திருந்தது. யாரோ அவற்றை அள்ளிப் போட்டுக் கம்பியூட்டரில் ஒரு காக்காவைச் செய்துவிட்டார்கள்.

காக்கா தன் வீட்டு முற்றத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நான்தான் கதைக்கிறன். ஆனா நான் கதைக்கல்ல," என்றார் என்னிடம்.

சல்மா ராத்தா உள்ளே இருந்து சொன்னார்: "அது நீங்க இல்ல. பரவாயில்ல எண்டு சொல்றதுக்கு முந்தி நீங்க ஒரு மூச்சு இழுப்பீங்க. இது மூச்சு விடாமச் சொல்லுது." மனைவிக்குக் கேட்ட மூச்சு வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. டப்பி விற்றுத் தீர்ந்தது. பிறகும் வந்தது, பிறகும் தீர்ந்தது.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம், ஒரு தாய் தன் மகளையும் கூட்டிக்கொண்டு காக்காவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மகளின் பெயர் நுஸ்ரா. ஆசிரியையாக நியமனம் கிடைத்து, நிக்காஹ்வும் பெருநாளுக்குப் பிறகு என்று பேசி முடித்திருந்த பிள்ளை. அவள் முகத்தை மூடியிருந்த துணியை ராத்தாவுக்கு மட்டும் விலக்கிக் காட்டினாள். ராத்தா "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

தாய் காக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க சொன்ன எண்டுதானே காக்கா வாங்கினம். வேற ஆள் சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டம்."

"நான் சொல்லல்ல தங்கச்சி."

"ஒங்கட குரல் எங்களுக்குத் தெரியாதா?"

நுஸ்ரா துணியைக் கன்னத்தில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "எரியிது மாமா. வெயிலுக்குப் போக ஏலாம இரிக்கி," என்று மட்டும் சொன்னாள். அவர்கள் போன பிறகும் காக்கா முற்றத்துக் கதிரையில் அப்படியே இருந்தார். நோன்பு திறக்க ராத்தா கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோதுதான் அசைந்தார்.

மறுநாள் ஓட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தார். "தங்க டப்பியப் பத்திச் சொன்னது நான் இல்ல. அது என்ட குரல் இல்ல." இதைக் கேட்டு ஊர் சிரித்தது. பஸார் சந்தியில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ரோட்டில் நின்ற ஓட்டோவிலிருந்து காக்காவின் குரல், தான் சொல்லவில்லை என்றது. அதே நேரம் எதிர்க் கடையின் ஸ்பீக்கரிலிருந்து காக்காவின் குரல், தான் பூசிப் பார்த்ததாகச் சொன்னது. சனம் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மீன் வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர் ஓட்டோவைக் காட்டி, "இதுதான் கம்பியூட்டர். அந்தக் குரல் தெளிவா இரிக்கி," என்று தீர்ப்புச் சொன்னார்.

காக்கா தனக்குத் தெரிந்த ஒரு லோயரிடம் போனார்.

"என்ன களவு போயிட்டு?" என்று லோயர் கேட்டார்.

"என்ட குரல்."

"ஒங்கட குரல் ஒங்ககிட்டத்தானே இரிக்கி?"

"இரிக்கி. அங்கயும் இரிக்கி."

லோயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்குப் போடலாம், ஆனால் தீர்ப்பு வரும்போது நுஸ்ராவின் பேரப்பிள்ளைகளுக்குக் கலியாணம் முடிந்திருக்கும் என்றார்.

அங்கிருந்து திரும்பிய காக்கா ஓட்டோவின் கூரையில் ஏறி இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றினார். பிறகு என்னிடம், "ஒரு டப்பி வாங்கிட்டு வாங்க தம்பி," என்றார்.

"என்னத்துக்கு?"

"பூசிப் பாக்க."

நான் பதறிப்போனேன். "நுஸ்ராட மூஞ்சியப் பாத்தது போதாதா காக்கா?"

"அது அவட மூஞ்சி. அத ஊருக்குக் காட்டச் சொல்லி ஒரு குமர்ப்புள்ளக்கிட்டக் கேக்க ஏலுமா? என்ட மூஞ்சி எண்டா காட்டலாம். பூசாமச் சொன்னா, நானும் அந்தக் கம்பியூட்டரும் ஒண்டுதான்."

நோன்பு திறந்த கையோடு எங்கள் ஊர் டொக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் டப்பியைப் பார்த்தவுடனேயே இதைத் தொடவேண்டாம் என்றார். காக்கா மரியாதையாகக் கேட்டார்: "நீங்க வேணா எண்டு சொன்னா சனம் கேக்குமா சேர்? சீனியக் குறைக்கச் சொல்லி நீங்க எவ்வளவு காலமாச் சொல்றீங்க. யாராவது குறைச்சிரிக்காங்களா?" டொக்டர் தன் தேநீரில் மூன்றாவது கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினார்.

அன்றிலிருந்து காக்கா இடது கன்னத்தில் மட்டும் பூச ஆரம்பித்தார். வலது கன்னத்தைச் சாட்சிக்கு விட்டுவைத்தார். ஓட்டோவை வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைகளின் முனையில் நிறுத்திவிட்டு, மைக் இல்லாமல், வெறும் வாயால் கூப்பிடுவார். "கிட்ட வாங்க. குரல நம்பாதீங்க, கன்னத்தப் பாருங்க." சனம் வேடிக்கை பார்க்க வந்தது.

பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கன்னம் வெளுத்தது. சும்மா வெளுக்கவில்லை, பளபளத்தது. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் காக்கா, இடது பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு நாட்டுக்காரர். சல்மா ராத்தா, "இப்ப எனக்கு ரெண்டு மாப்பிள்ள. ரெண்டு பேரும் பேச்சுக் கேக்கிறல்ல," என்றார்.

கல்முனைக்குடி ஒழுங்கை ஒன்றில் பெண்கள் கூடிநின்று கன்னத்தை ஆராய்ந்தார்கள். நான் காக்காவின் காதுக்குள் கெஞ்சினேன், இன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், வாருங்கள் போவோம் என்று. அவர் சொன்னார்: "வெளுத்திரிக்கி. எரிவு ஒண்டும் இன்னம் இல்ல. இண்டைக்கு உள்ளது இது."

அன்று மாலைக்குள் கடைகளில் டப்பி காலி. முகவர் நன்றி சொல்லி ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு அனுப்பிவைத்தார். காக்கா அதைத் தொடவில்லை. "திண்டா அதுக்கும் ஒண்டு சொல்லணும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அத ஏன் சொன்னீங்க காக்கா? நம்மட கையாலயே அவனுக்கு வித்துக் கொடுத்திட்டமே."

"வெளுத்திரிக்கா இல்லயா?"

"வெளுத்திரிக்கி."

"அப்ப இல்ல எண்டு சொல்லவா? இண்டைக்கு ஒரு பொய் சொன்னா, நாளைக்கு உண்மையச் சொல்லக்குள்ள யாரு நம்புற? இன்னம் பாதிக் கதைதான் தம்பி சொல்லியிரிக்கன். மறு பாதி வரட்டும்."

வந்தது. அது வரும்வரை அவர் நிறுத்தவில்லை. டொக்டர் சொல்லி நிறுத்தவில்லை, ராத்தா டப்பியைக் கிணற்றுக்குள் போட்டபோதும் நிறுத்தவில்லை. இன்னொரு டப்பி வாங்கினார். பெருநாள் நெருங்க வெயில் ஏறியது. கன்னம் முதலில் சிவந்தது, பிறகு கொப்பளித்தது, பிறகு தோல் உரியத் தொடங்கியது. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை என்று ராத்தா என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். விடிந்தால் காக்கா ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முன்பு நின்ற ஒழுங்கைகளுக்கெல்லாம், ஒன்றுகூட விடாமல், திரும்பப் போனார்.

நான் கூடப் போன நாளில் கல்முனைக்குடியின் அதே ஒழுங்கையில் நின்றோம். அதே பெண்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அண்டைக்கு வெளுத்திரிக்கி எண்டு சொன்னன். உண்மை. இண்டைக்கு இது உண்மை," என்றார். வாய் சரியாகத் திறக்க முடியாததால் மெதுவாகத்தான் பேசினார். அதற்காக எல்லோரும் இன்னும் கிட்ட வந்தார்கள். "இது கூடாது. நான் பூசிப் பாத்தன், கூடாது."

அந்த வாயிலிருந்து கூடாது என்ற சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. மாம்பழம் இல்லாத ஐஸ்கிறீமைக்கூட அவர் கூடாது என்று சொன்னதில்லை. அப்போது மூன்றாவது வாசலிலிருந்து நுஸ்ரா இறங்கி வந்தாள். ராத்தாவுக்கு மட்டும் காட்டிய முகத்தை மூடாமல் வந்தாள். கன்னங்கள் இரண்டிலும் திட்டுத் திட்டாகப் புண் ஆறிய அடையாளம். தாய் பின்னால் "புள்ள, புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"நானும் பூசினன்," என்றாள் நுஸ்ரா, எல்லோருக்கும் கேட்கும்படி. "மாமா சொல்ற சரி. கெதியா நிப்பாட்டுங்க. நிப்பாட்டினா ஆறும்." பிறகு தன் வீட்டு டப்பியைக் கொண்டுவந்து ஓட்டோவின் பின் சீற்றில் வைத்தாள்.

பிறகு ஒரு கதவு திறந்தது, இன்னொரு கதவு திறந்தது. புண்ணை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. தன் மகளுக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொரு தாயும் வாய் மூடி இருந்திருக்கிறார். நாங்கள் திரும்பும்போது எனக்கு உட்கார இடமில்லை. ஓட்டோ முழுக்கத் தங்க டப்பி. நான் தொங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் சாய்ந்தமருதுக்குப் போனோம், அதற்கடுத்த நாள் நிந்தவூருக்கு. பாலமுனைப் பக்கத்திலிருந்து கடற்றொழில் செய்யும் ஒருவர் தன் மகளின் டப்பியை மீன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சேர்ந்த டப்பிகளைக் காக்கா சுகாதாரப் பரிசோதகரின் மேசையில் கொண்டுபோய்க் கொட்டினார். பரிசோதகர் வெளியே வந்து கடைகளைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் போவதற்கு முன்பே பல கடைக்காரர்கள் தாங்களாகவே அலுமாரித் தட்டுகளைக் காலி செய்திருந்தார்கள். முகவருக்கு போன் எடுத்தால், அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதுவும் கம்பியூட்டர்தான்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. சில மாதங்களில் அதே கிறீம் வெள்ளி நிற டப்பியில், புதுப் பெயரோடு, புது முகத்தோடு வந்தது. இந்த முறை விளம்பரத்தில் பேசியது யாரோ ஒரு சீரியல் நடிகை. நான் பஸாரில் ஒரு கடையில் நின்றபோது பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கையில் எடுத்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். "இதுக்குள்ள என்ன போட்டிரிக்கி?" என்று கடைக்காரரிடம் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எந்த விளம்பரத்துக்கும் யாரும் எழுதாத ஒரு வரியை அன்று கேட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

காக்கா மறுபடி ஓட்டோவின் கூரையில் ஸ்பீக்கர்களைப் பொருத்தினார். கடைக்காரர்கள் முன்பை விட அதிகமாக வந்தார்கள். நானும் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தேன். எழுதும்போது ஒரு பெயரடை அளவுக்கு மீறி வந்து விழுந்தால், "நீங்க போய்ப் பாத்தீங்களா தம்பி?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தச் சொல்லை அடித்துவிடுவேன்.

நுஸ்ராவின் நிக்காஹ் கொஞ்சம் தள்ளிப்போய் நடந்தது. மாப்பிள்ளையின் வீட்டுக்கு எல்லாவற்றையும் அவளே சொல்லியிருந்தாள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து குடும்பப் படம் எடுக்கும்போது, படமெடுப்பவர் காக்காவைப் பார்த்துத் தயங்கினார். அவருடைய இடது கன்னம் முழுதாகப் பழைய நிறத்துக்குத் திரும்பவே இல்லை. வரைபடத்தில் தீவுகள் மாதிரி வெளுப்பும் கறுப்புமாக நின்றுவிட்டது.

"காக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் கிறுகி நிண்டா நல்லம்," என்றார் படமெடுப்பவர். "இல்லாட்டியும் பரவாயில்ல, போன்ல போட்டு அந்தக் கன்னத்த அழிச்சி வடிவாக்கித் தாறன்."

மணப்பெண் கதிரையில் இருந்தபடியே சொன்னாள்: "மாமாட மூஞ்சியத் தொடாதீங்க."

படம் அப்படியே எடுக்கப்பட்டது. இப்போதும் பள்ளிவாசலிலோ, தேநீர்க் கடையிலோ, ஓட்டோவிலோ காக்காவின் அருகில் உட்கார வாய்த்தால், எத்தனை இடம் காலியாக இருந்தாலும் நான் சுற்றிப்போய் அவருடைய இடது பக்கத்தில்தான் உட்காருவேன்.